வெயில் ஏறுமுன்: தோட்டப்புற வீட்டில் வேதமும் ஜெபமும்

பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய குடும்பத்தில் பிறந்த யாருக்கும் இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயில் ஏறினால் பால் நின்றுபோகும். அதற்காகத்தான் இருட்டோடே பெரட்டு (பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவது), இருட்டோடே உளி, நெற்றியில் விளக்கு. யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த உணவான மன்னாவுக்கும் இதே கணக்குதான். விடியற்காலந்தோறும் அவரவர் புசிக்கும் அளவுக்குச் சேர்த்தார்கள், "வெயில் ஏறஏற அது உருகிப்போம்." நாளைக்கு ஆகட்டும் என்று எடுத்து வைத்ததில் பூச்சி பிடித்தது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் விதிவிலக்கு.

வேதத்தையும் ஜெபத்தையும் நம்பி நாளை நடத்துவது என்பது பெரும்பாலும் இந்த அளவுக் கணக்குதான். நாளுக்கு எவ்வளவு, எந்த நேரத்தில், எப்படி. உற்சாகக் கூட்டம் முடிந்த மறுநாள் ஒரு மணி நேர ஜெபம், பத்து அதிகாரம் என்று தொடங்குகிறவர்கள் இரண்டாம் வாரத்தில் நின்றுபோகிறார்கள். விசுவாசக் குறைவு என்று அவர்களே தங்களைத் திட்டிக்கொள்வார்கள். உண்மையில் நடந்தது வேறு: புதிதாக மரம் வெட்ட வந்தவன் உளியை ஆழமாக இறக்கிக் கட்டையைக் காயப்படுத்துவது போன்றது அது. பட்டையை மெல்லியதாகச் சீவினால்தான் அடுத்த முறையும் வெட்டலாம். தொடக்கத்தில் நாளுக்கு 15 நிமிடம் போதும். மூன்று மாதம் அது நிலைத்த பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

நேரமும் இடமும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில் இன்று தோட்டத்தில் வேலை செய்கிறவர்களைவிட, தாமான் (நகர்ப்புறக் குடியிருப்பு) வீட்டில் இருந்துகொண்டு ஈப்போ பக்கம் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் அதிகம் கண்ணில் படுகிறார்கள். "அதிகாலை 4 மணிக்கு எழுந்து ஜெபியுங்கள்" என்ற பொதுவான அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. ஷிஃப்டைப் பார்த்து நேரம் வையுங்கள்.

காலை 7 மணி ஷிஃப்ட் என்றால், தொழிற்சாலை பஸ் 6 மணி வாக்கில் முனைக்கு வந்துவிடும். பள்ளிவாசலில் சுபு (அதிகாலைத் தொழுகை) பாங்கு கேட்பதற்கு முன்பே, 5:15 போல உட்கார்ந்துவிட வேண்டும். மாலை 3 மணி ஷிஃப்ட் ஆட்களுக்குப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின், பசியாறுவதற்கு முன்னால் 8 மணி. இரவு 11 மணி ஷிஃப்ட் என்றால், திரும்பி வந்து படுக்கும் முன் செய்வதாகத் திட்டம் போடாதீர்கள். இரண்டாம் வசனத்திலேயே தலை சாய்ந்துவிடும். மாலையில் தூங்கி எழுந்து முகம் கழுவியவுடன் உட்காருங்கள். அதுதான் உங்கள் விடியற்காலம். கடிகாரம் என்ன காட்டினாலும், கைப்பேசியும் சத்தமும் நம்மைப் பிடித்துக்கொள்ளும் முன் உட்காருவதே முக்கியம்.

இடம் ஒன்றாகவே இருக்கட்டும். வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது என்று கேட்கலாம். மத்தேயு 6:6இல் இயேசு சொன்ன "அறைவீடு" படுக்கையறை அல்ல. அங்குள்ள கிரேக்கச் சொல் வீட்டில் சாமான் போட்டு வைக்கும் உள்ளறையைக் குறிக்கும். அரிசி மூட்டையும் காஸ் தோம்பும் இருக்கும் மூலை போதும். ஒரு முக்காலி, தலைக்கு மேல் வெளிச்சம், கொசுவர்த்தி. கட்டிலில் சாய்ந்தபடி வேண்டாம்.

கைப்பேசியை அடுத்த அறையில் சார்ஜில் போடுங்கள். அலாரத்துக்கு ஒரு மலிவான கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம். வேதாகமமே கைப்பேசியில்தான் என்றால், முந்தின இரவே பகுதியைத் திறந்து வைத்து, விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். வாட்சாப்பில் வரும் வசனப் படத்துக்கு "ஆமென்" போடுவது வாசிப்புக் கணக்கில் சேராது.

எந்த வேதாகமம், எங்கே தொடங்குவது

நம் சீர்திருத்த சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையிலான குழு செய்து 1871இல் முழுமையாக வெளிவந்தது. காதுக்கு இனிமையானது, மனப்பாடத்துக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் 150 ஆண்டுகளில் சில சொற்கள் இடம் மாறிவிட்டன. "தாழ்ச்சியடையேன்" என்றால் எனக்குக் குறைவு வராது. "ஒத்தாசை" உதவி. 1 பேதுரு 5:7இல் "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்" என்பதைப் போலீஸ் விசாரணையாக நினைத்துப் பயந்த பிள்ளைகள் உண்டு; அங்கே விசாரிப்பது என்றால் அக்கறையோடு கவனித்துக்கொள்வது. புரியாத சொல்லைத் தாண்டிப் போகாமல் அடிக்கோடிட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை போதகரிடமோ பெரியவர்களிடமோ கேளுங்கள்.

கத்தோலிக்க வீடுகளில் 1995இல் வந்த திருவிவிலியம் இருக்கும். அதில் சங்கீதம் "திருப்பாடல்கள்", அப்போஸ்தலர் நடபடிகள் "திருத்தூதர் பணிகள்". இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிப்பது நல்ல பழக்கம்; ஒன்றில் அடைபட்டது மற்றதில் திறக்கும். மலாய்ப் பள்ளியில் படித்து, தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைகளுக்கு ஒலி வேதாகமத்தைப் போட்டுவிட்டு, வரியில் விரல் வைத்துப் பின்தொடரச் சொல்லுங்கள். ஓராண்டில் தமிழும் வந்துவிடும்.

ஜனவரி 1ஆம் தேதி ஆதியாகமத்தில் தொடங்கி நாளுக்கு மூன்று அதிகாரம் என்று போகிறவர்கள் எங்கே நிற்பார்கள் என்று கணக்குப் போட்டே சொல்லலாம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, மொத்தம் 90 அதிகாரம், 30 நாள். ஜனவரி 31ஆம் தேதி லேவியராகமம் வாசலில் நிற்பீர்கள். பலிகளின் சட்டங்களை வழிகாட்டி இல்லாமல் வாசிக்கும் புதியவர் பிப்ரவரி நடுவில் காணாமல் போவார். லேவியராகமத்தின் மீது குற்றமில்லை. எபிரெயர் நிருபம் படித்த பிறகு திரும்பி வந்தால் அது வேறு புத்தகமாகத் தெரியும்.

மாற்கிலிருந்து தொடங்குங்கள். 16 அதிகாரம், நாளுக்கு அரை அதிகாரம் என்றால் ஒரு மாதம். பிறகு பிலிப்பியர், பிறகு ஆதியாகமம், பிறகு லூக்காவும் அப்போஸ்தலரும் ஒன்றன்பின் ஒன்றாக. நீண்ட திட்டம் வேண்டுமானால் புதிய ஏற்பாட்டில் மொத்தம் 260 அதிகாரம்; வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று, 52 வாரத்தில் முடியும். சனியும் ஞாயிறும் விட்டுப்போனதைப் பிடிக்க அல்ல, சங்கீதத்துக்கு.

சங்கீதத்துக்கு ஒரு பழைய வழி உண்டு. தேதியை எடுத்து முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டே போங்கள். 7ஆம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. ஐந்தையும் கண்ணோட்டம் விட்டு, அன்றைக்கு உங்கள் நிலைமைக்கு ஒட்டுகிற ஒன்றை ஜெபமாக்குங்கள். 31ஆம் தேதிக்கு 119. அது 176 வசனம். எட்டு எட்டு வசனமாக 22 பகுதி. ஒரு பகுதி போதும்.

பதினைந்து நிமிடத்தில் என்ன செய்வது

முதல் நிமிடம் சும்மா இருங்கள். மூச்சு நிதானத்துக்கு வரட்டும். "ஆண்டவரே, பேசும்" என்ற ஒரு வரி போதும்.

அடுத்த ஐந்து நிமிடம் பத்திலிருந்து இருபது வசனம் வரை உள்ள ஒரு முழுப் பகுதியை வாய்விட்டு இரண்டு முறை வாசியுங்கள். கண்ணால் மட்டும் வாசித்தால் தெரிந்த வரிகளில் ஓடிவிடுவோம். வாய் ஓட முடியாது. பிள்ளைகள் தூங்கினால் உதடசைத்து வாசித்தாலும் சரி. இரண்டாம் முறை வாசிக்கும்போது யார், யாரிடம், எதற்காகச் சொல்கிறார் என்று மட்டும் பாருங்கள்.

பிறகு அதையே ஜெபமாக்குவது. இங்கேதான் பலருக்குத் தடுமாற்றம். வாசித்த பகுதி ஒரு பக்கம் இருக்க, ஜெபம் வழக்கமான பட்டியலுக்குப் போய்விடும். 1535இல் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் தம் முடிதிருத்துநர் பேதுருவுக்கு எழுதிய சிறு நூலில் இதற்கு ஒரு வழி சொன்னார்: பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் நான்கு இழையாகத் திரித்து மாலையாக்குவது. இது எனக்கு என்ன கற்பிக்கிறது, இதற்காக எதை ஸ்தோத்திரிக்கலாம், இதில் எந்தப் பாவத்தை அறிக்கையிட வேண்டும், இதை வைத்து என்ன கேட்கலாம். வேதத்தின் எந்தப் பகுதிக்கும் இது ஒத்துவரும்.

மாற்கு 1:29–39ஐ எடுத்துச் செய்து பார்ப்போம். சீமோனின் மாமி ஜுரமாய்க் கிடக்கிறாள். இயேசு கையைப் பிடித்துத் தூக்குகிறார். சாயங்காலம் பட்டணமே வாசலில் கூடுகிறது. மறுநாள் "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" தனி இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீடர் வந்து சொன்னபோது, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார்.

கற்றது: வேலை மிகுந்த இரவுக்கு அடுத்த காலையிலும் அவர் ஜெபத்தை விடவில்லை; எங்கே போவது என்ற தெளிவோடு திரும்பினார். ஸ்தோத்திரம்: ஜுரக்காரியின் கையைத் தொட்டவர், வீட்டுக் காரியம் அவருக்குச் சின்னக் காரியமல்ல. அறிக்கை: எல்லாரும் தேடுகிறார்கள் என்றால் ஓடிவிடுகிறேன், ஓவர்டைம் என்றால் எதையும் விட்டுவிடுகிறேன். விண்ணப்பம்: இன்று எதற்குச் சரி சொல்ல வேண்டும், எதற்கு முடியாது என்று சொல்ல வேண்டும், காட்டும். நான்கு இழைக்கும் ஏழெட்டு நிமிடம் ஆகும். ஒரே இழையில் நேரம் முழுதும் போய்விட்டால் போகட்டும். மற்றதை வலுக்கட்டாயமாக முடிக்க வேண்டாம்.

மிச்ச நேரத்தில் சாதாரண பள்ளி நோட்டில் இரண்டே வரி. தேதி, பகுதி, கிடைத்த ஒரு கருத்து, இன்று செய்ய வேண்டிய ஒரு காரியம். "அதிகமாய் அன்புகூர வேண்டும்" என்று எழுதாதீர்கள். சாயங்காலம் அதைச் சரிபார்க்க வழியில்லை. "அண்ணிக்கு போன் பண்ணி மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்று எழுதினால் இரவில் தெரிந்துவிடும், செய்தோமா இல்லையா என்று.

சீட்டு எடுப்பது போல் வசனம் எடுப்பது

ஆண்டிறுதி ஆராதனையில் ஆளுக்கொரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் நம் சபைகளில் ஆழமாக ஊன்றியது. நினைவூட்டலாக வீட்டில் மாட்டி வைப்பதில் தவறில்லை. ஆனால் "இந்த வருஷம் எனக்கு என்ன வந்திருக்கிறது" என்று கை நடுங்க எடுப்பதற்கும், கிளி ஜோசியத்துக்கும் நடுவில் வேலி ரொம்பத் தாழ்வாக இருக்கிறது. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பதும், கெட்ட கனவுக்குத் தலையணைக்கடியில் வைப்பதும் அதே குடும்பம்தான். திறந்து வாசிப்பதற்குத்தான் அந்தப் புத்தகம்.

எரேமியா 29:11 அட்டையில் அடிக்கடி வரும். சமாதானத்துக்கேதுவான நினைவுகள், எதிர்பார்த்திருக்கும் முடிவு. அட்டையில் வராதது 10ஆம் வசனம்: எழுபது வருஷம் கழித்து. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. சீக்கிரம் திரும்புவோம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை நம்பாதிருங்கள் என்பதே அதன் சாரம். அதற்குமுன் 5ஆம் வசனம் வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்கிறது. 7ஆம் வசனம் அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபிக்கச் சொல்கிறது. கடல் கடந்து வந்து காடழித்துத் தோட்டம் நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த மூன்று வசனத்தையும் சேர்த்து வாசித்தால், தனியே பிய்த்த ஒரு வரியில் கிடைக்காத பலம் கிடைக்கும்.

பிலிப்பியர் 4:13 இன்னொன்று. "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ) பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் பையில் எழுதி ஒட்டுவார்கள். முந்தின இரண்டு வசனத்தில் பவுல் பேசுவது பட்டினியாயிருக்கவும் பரிபூரணமடையவும், எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கவும் கற்றுக்கொண்டதைப் பற்றி. பரீட்சையில் தோற்றாலும் தாங்கும் பெலன் அது. ஒட்டுவதானால் 11இலிருந்து ஒட்டுங்கள்.

பிய்த்து எடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு மத்தேயு 4ஐவிடச் சாட்சி வேண்டாம். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவைச் சோதித்த பிசாசும் வேதவசனம்தான் சொல்கிறான்: சங்கீதம் 91. ஆனால் "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொற்களை விழுங்கிவிட்டான். இயேசு உபாகமத்திலிருந்து மூன்று முறை பதில் சொல்கிறார். மூன்றும் 6, 8ஆம் அதிகாரங்களில், வனாந்தரப் பயணத்தை நினைவூட்டும் பகுதியில் இருப்பவை. அந்தப் பகுதி முழுவதும் அவருக்குள் இருந்தது.

விதி எளிது: எந்த வசனமானாலும் மேலே பத்து, கீழே பத்து வாசிக்காமல் கையில் எடுக்காதீர்கள்.

வேலை இடத்தில்

காலையில் வாங்கியது பத்து மணிக்குள் கரைந்துபோவது இயல்பு. நெகேமியா 2:4இல் ராஜா கேள்வி கேட்கிறார். பதில் சொல்லும் முன் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபிக்கிறார். ஒரு மூச்சு நேரம்தான் இருந்திருக்கும். அந்த ஒரு மூச்சுக்கு முன் முதல் அதிகாரத்தில் பல நாள் உபவாசமும் ஜெபமும் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

இத்தகைய மூச்சு ஜெபத்தைத் தினம் செய்யும் செயல்களோடு கட்டிவிடுங்கள். பூட்ஸ் போடும்போது ஒன்று, மோட்டாரை உதைக்கும்போது ஒன்று, பத்து மணித் தேத்தண்ணிக்கு ஒன்று. "ஆண்டவரே, என் வாய்க்குக் காவல் வையும்" (சங்கீதம் 141:3இன் சுருக்கம்) மண்டோரிடமோ (மேஸ்திரி) சூப்பர்வைசரிடமோ பேசப் போகும் முன் பயன்படும். மலாய்த் தோழர்கள் சுராவுக்குத் (தொழுகை அறை) தொழப் போகும் இடைவேளையில் நீங்களும் லாக்கர் பக்கம் இரண்டு நிமிடம் ஒதுங்கலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஜெபிக்கிற மனிதனை இந்த நாட்டில் எல்லாருக்கும் புரியும்.

கண்ணை மூட வேண்டியதில்லை. மோட்டார் ஓட்டும்போதும், செம்பனைக் குலைக்கு நீளக் கொக்கி அரிவாளைத் தூக்கும்போதும் மூடவே கூடாது. லூத்தர் அந்த முடிதிருத்துநருக்குச் சொன்ன உவமையும் இதுதான்: கத்தியிலும் முடியிலும் கண் இல்லாமல் பேச்சில் மனம் போனால் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவாய், ஜெபத்திலும் மனம் அப்படி ஒரே இடத்தில் நிற்கட்டும் என்றார். வேலையைக் கவனமாகச் செய்வதே ஜெபத்துக்குப் பாடமாகிறது. கொலோசெயர் 3ஆம் அதிகாரம் "கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்கிறது. அதை எடுத்துக்கொண்டு சம்பளம் குறைத்த முதலாளிக்கு வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்கிறவர்களிடம், அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தைக் காட்டுங்கள். எஜமான்கள் நீதியும் செவ்வையுமானதைச் செய்ய வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது.

ஒரு வாரத்துக்கு ஒரு வசனம்

அதற்கு மேல் வேண்டாம். ஆண்டுக்கு 52 ஆகிவிடும். பழைய மொழிபெயர்ப்பின் வாக்கியங்கள் நீளம். மொத்தமாக விழுங்கினால் நடுவில் அறுந்துபோகும். மூச்சு விடும் இடத்தில் உடைத்து எழுதுங்கள். பிலிப்பியர் 4:6 இப்படி:

நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்,
எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை
ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும்
தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்.

சொந்தக் கையால் அட்டையில் எழுதி, அடுப்புக்கு மேல் ஒட்டுவதானால் பிளாஸ்டிக் உறை போடுங்கள்; எண்ணெய் படும். சொல்லும்போது முன்னும் பின்னும் அதிகார எண்ணைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வசனம் இருக்கும், இடம் மறந்துபோகும். முதல் வாரம் தினமும், அடுத்த மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. இந்த மீள்பார்வையை விட்டவர்களுக்குப் புது வசனம் ஏற ஏறப் பழையது உதிரும்.

கேள்வி வரும்போது

வேதத்தை நம்புவது என்றால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வசனம் கிடைக்கும் என்று பொருளல்ல. நம் ஊரில் அடிக்கடி எழும் கேள்வியை எடுத்துக்கொள்வோம்: தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு அத்தை வீட்டில் கூப்பிடுகிறார்கள், போகலாமா, சாப்பிடலாமா? ஒருவர் ஒரு வசனத்தைக் காட்டி "தொடவே கூடாது" என்பார். இன்னொருவர் வேறொன்றைக் காட்டி "ஒன்றுமில்லை" என்பார். 1 கொரிந்தியர் 8, 9, 10 மூன்றையும் ஒரே மூச்சில் வாசித்தால் பவுல் மூன்று இடங்களைப் பிரித்துப் பார்ப்பது தெரியும். வழிபாட்டுப் பந்தியில் பங்கெடுப்பதை விலக்குகிறார். கடையில் விற்பதையும், விருந்துக்கு அழைத்தவர் வீட்டில் வைப்பதையும் விசாரிக்காமல் சாப்பிடலாம் என்கிறார். இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடச் சொல்கிறார். இடையில் 9ஆம் அதிகாரம், தனக்குள்ள உரிமையைப் பிறருக்காக அவரே விட்டுக்கொடுத்த கணக்கு.

இனி அதை அத்தை வீட்டில் நடத்துவது உங்கள் பொறுப்பு. "அத்தை, படைக்காத சோறு கொஞ்சம் போடுங்க" என்று அன்பாகக் கேட்டால், பெரும்பாலான அத்தைமார் முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பார்கள். முகம் சுளித்துப் பிரசங்கம் செய்துவிட்டு வந்தால் வசனம் சரியாக இருந்தும் காரியம் கெட்டுப்போகும்.

ஜெபமும் கூடவே செய்ய வேண்டியதும்

விண்ணப்பப் பட்டியலைக் கிழமைக்கு ஐந்து பெயராகப் பிரியுங்கள். நாற்பது பெயரை தினமும் சொன்னால் மூன்றாம் நாள் அது பெரட்டில் பெயர் கூப்பிடுவது போல் ஆகிவிடும். "குடும்பத்தை ஆசீர்வதியும்" என்பதற்குப் பதிலாக, என்ன வேண்டும் என்று சொல்லுங்கள், தேதி போட்டு எழுதுங்கள். பதில் வந்தால் அதன் தேதியையும். "இல்லை" என்பதும் பதில்தான். தன்னை வருத்திய முள் நீங்கும்படி பவுல் மூன்று தரம் கேட்டு, அது எடுபடாமல் கிருபை கிடைத்தது (2 கொரிந்தியர் 12).

எசேக்கியா வியாதியாய் விழுந்து அழுது ஜெபித்தார், பதினைந்து வருஷம் கூட்டிக் கிடைத்தது. அதோடு ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20). ஜெபமும் பற்றும் ஒரே அதிகாரத்தில். எனவே ஜெபித்துவிட்டோம் என்று இனிப்புநீர் (நீரிழிவு) மாத்திரையை நிறுத்தாதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். இன்சுலின் போடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் உபவாசம் எடுக்கும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும். அவர்கள் சாப்பாட்டுக்குப் பதில் டிவியையோ கைப்பேசியையோ ஒரு நாள் விடலாம். மற்றவர்கள் ஒருவேளை உணவை விட்டுத் தண்ணீர் குடித்துத் தொடங்கட்டும், முடிக்கும்போது கஞ்சி. அந்த வேளையில் மிச்சமான காசு யாருக்குப் போகிறது என்று ஏசாயா 58 கேட்கும்.

கடனும் அப்படியே. "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்று நீதிமொழிகள் 22:7 சொல்வதை ஆலோங் (வட்டி முதலை) வாசலில் வந்து நின்ற வீடுகள் அறியும். வங்கிக் கடனும் கிரெடிட் கார்டும் கழுத்தை நெரித்தால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக ஆலோசனை சொல்கிறது. காகிதங்களை எடுத்துக்கொண்டு போங்கள், போகும் வழியில் ஜெபியுங்கள்.

குடித்துவிட்டு வந்து அடிக்கும் வீட்டில், "ஜெபத்தோடு பொறுத்துக்கொள்" என்று மட்டும் சொல்லி அனுப்பும் ஆலோசனை தவறு. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி ஓடினார், சங்கீதங்களும் பாடினார். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். தாலியான் காசிஹ் என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999, எந்த நேரமும் அழைக்கலாம்.

குடும்ப ஜெபம்

இரவில் பத்து நிமிடம். ஒரு பாட்டின் ஒரு சரணம், ஆறேழு வசனம், ஒரு கேள்வி, சின்ன ஜெபம், எல்லாரும் சேர்ந்து "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே." பிள்ளை வாசிக்கட்டும், தப்பாக வாசித்தால் நடுவில் திருத்தாதீர்கள். கேள்வி பரீட்சைக் கேள்வியாக இருக்கக் கூடாது. "இதில் உனக்கு யாரைப் பிடித்தது" போதும்.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் நேரமின்மை அல்ல. அப்பா கண்ணை மூடி, "ஆண்டவரே, இவன் போனை விட்டுப் படிக்கக் கிருபை செய்யும்" என்று மகனுக்குக் கேட்கும்படி ஆண்டவரிடம் கோள் சொல்வதுதான். திட்ட வேண்டுமானால் ஜெபத்துக்கு வெளியே, கண்ணைத் திறந்து திட்டுங்கள். இரவு ஷிஃப்டுக்குப் போனவருக்காகக் காத்திருக்க வேண்டாம். அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தால் போதும். பதினேழு வயதுப் பிள்ளை உட்கார மறுத்தால் இழுத்து உட்கார வைக்காதீர்கள், கதவை மட்டும் திறந்து வையுங்கள். அடுத்த அறையிலும் கேட்கும்.

வறண்டுபோனால்

வாய் வராத நாட்கள் வரும். துக்க வீடு, வேலை போன மாதம், காரணமே தெரியாத சோர்வு. அப்போது ஸ்தோத்திரப் பாட்டை வலிந்து பாட வேண்டியதில்லை. சங்கீதம் 13 ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்ற கேள்வியில் தொடங்கும். 88 வெளிச்சத்துக்கு வராமல் இருளிலேயே முடியும். அப்படி ஒரு ஜெபமும் பரிசுத்த வேதாகமத்துக்குள் இருக்கிறது. அதை உங்கள் பெயரில் வாசியுங்கள், அது அன்றைய ஜெபம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் போதகரோடு டாக்டரையும் பாருங்கள்.

நாட்கள் விட்டுப்போனால் பிடிக்க முயலாதீர்கள். மழை பெய்த நாளில் வெட்டாத மரத்தை மறுநாள் இரண்டு தடவை வெட்டுவதில்லை. விட்ட அதிகாரங்களை விட்டுவிட்டு, இன்றைய தேதிக்கு உள்ளதை எடுங்கள். திங்கட்கிழமைக்கும் புத்தாண்டுக்கும் காத்திருக்கவும் வேண்டாம். வேதாகமத்தை இன்றிரவே முக்காலிப் பக்கம் கொண்டுபோய் வையுங்கள், மாற்கு முதல் அதிகாரத்தில் ஒரு காகிதத்துண்டு, பக்கத்தில் நோட்டும் பேனாவும், கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடியும். இருட்டில் கண்ணாடியைத் தேடியே ஐந்து நிமிடம் போய்விடுகிறது.